ஆபீசர் அடுப்பு

சாணத்திலிருந்து எரிவாயு எடுத்து நாட்டின் சமையலறைப் புகையை ஒழிப்பது என்று அரசாங்கம் திருவுளம் கொண்டிருந்த 1984ஆம் வருடம், அந்தப் புகை எவ்வளவு ஒழிந்தது என்று அளந்து சொல்லும் பொறுப்பு வெள்ளியங்கிரியின் தலையில் விழுந்தது. சுற்றுச்சூழல் பொறியியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்த அவனுக்குத் தொண்ணூறு நாள் விடாமல் எரிந்த ஓர் அடுப்பின் அளவுகள் வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் கிடையாது.

ஜலகண்டாபுரத்துப் பக்கம் சென்னியம்மாள் வீட்டு கோபர் கேஸ் தொட்டிதான் வட்டாரத்திலேயே சிறந்தது என்று அரசாங்கக் கோப்பு சொன்னது. போய்ப் பார்த்தான். தொட்டியின் இரும்பு மூடி, கேஸ் நிறைந்து மேலே எழும்பி நின்றது. உள்ளே சென்னியம்மாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அரசாங்க அடுப்பு மேடை மேல் மஞ்சள் துணி சுற்றி, குங்குமப் பொட்டோடு இருந்தது.

“ஏனுங்க, இதுல சமைக்கறதில்லீங்களா?”

“அதெப்படிங்க தம்பி? நாஞ் சமைச்சு அழுக்காயிப் போச்சுன்னா, ஆபீசருங்க வந்தா எதைக் காட்டறது? அவங்களுக்கு அதுலதான் காப்பி.”

வெள்ளியங்கிரி யோசித்தான். அவன் கொண்டுவந்த கல்லூரிக் கடிதத்தில் ரப்பர் முத்திரை இருந்தது. ஆகவே அவனும் ஆபீசர்தான். தொண்ணூறு நாளும் காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். அவள் துணியை அவிழ்ப்பாள். ஒரு டம்ளர் காப்பிக்கு நீலச் சுடர் எரியும். அவன் கேஸ் குழாயில் தான் மாட்டிய மீட்டரைப் பார்த்து எழுதிக்கொள்வான். அவள் அடுப்பைத் துடைத்துச் சுற்றி வைத்துவிட்டு விறகை ஊதப் போவாள். தினமும் வெறும் வயிற்றில் அந்தக் காப்பியைக் குடித்துப் புண் வந்ததை ஆராய்ச்சியின் பொருட்டுப் பொறுத்துக்கொண்டான்.

தேர்வு நடத்த வந்த பேராசிரியர் நேரிலேயே சென்னியம்மாள் வீட்டுக்குப் போய், தினமும் எரிகிறதா என்று விசாரித்தார்.

“தினமுமுங்க. இந்தத் தம்பி ஒரு நாளும் வராம இருந்ததில்லீங்க.”

‘இடைவிடாத பயன்பாடு ஐயமற நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டு அவரும் ஒரு டம்ளர் குடித்தார். பட்டம் வந்தது. பின்னாலேயே, இருநூறு தொட்டிகளை மேற்பார்வையிடும் உத்தியோகமும் வந்தது.

வேலை உத்தரவை எடுத்துக்கொண்டு நாமக்கல் பக்கத்துச் சொந்த ஊருக்குப் போனான். அம்மா பாவாயி புகைக்குள் இருமிக்கொண்டிருந்தாள். சுவரோரம் மஞ்சள் துணிக்குள் அதே மாதிரி அரசாங்க அடுப்பு. இரண்டு வருடமாக அங்கேதான் இருந்ததாம். ஊர் ஊராகப் புகையை அளந்தவன் கண்ணில் அது பட்டதே இல்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“ஏம்மா, எனக்கு ஒரு நாளாச்சும் இதுல காப்பி வெச்சுக் குடுத்தயா?”

“நீ ஊட்டு ஆளு சாமி. உனக்கெதுக்கு அது?”

உத்தரவை நீட்டினான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதிலிருந்த ரப்பர் முத்திரையைத் தடவிப் பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்பின் துணியை அவிழ்த்தாள்.

“உக்காருங்க,” என்றாள்.