ரூஃபஸ் ஜெயித்த எண்ணெய்ச்சட்டிப் பேரம்

ரூஃபஸிடம் சொன்ன விலைக்கு ஒரு சாமானை விற்ற வியாபாரி சிகந்திராபாத்தில் இன்னும் பிறக்கவில்லை. பாலாநகரில் யாரோ ஒருவரின் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டிப் பிழைப்பைத் தொடங்கியவர், இன்று அதே தெருவில் சொந்தமாக லேத் போட்டு ஓட்டுகிறார். படிப்பா? அடிபட்டுப் படித்ததுதான், ஆனால் ஒழுங்காகப் படித்தார். மோண்டா மார்க்கெட்டில் அவர் தலை தெரிந்தாலே தக்காளிக்காரர் கூடையைச் சாக்குப்போட்டு மூடிவிடுவார். மூடினால் விடுகிற ஆளா? "கைக்கு பாய், எதுக்கு மூடுறே? தங்கமா வச்சிருக்கே?" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வருஷத்தில் ஒரு நாள் சொந்த வீட்டில் உட்கார இடம் கிடையாது. கிறிஸ்துமஸ் விற்பனைக்காகச் சபையின் மாதர் சங்கம் அச்சுமுறுக்கு சுடுவது அவர் வீட்டில்தான். சோபா முழுக்க முறுக்குத் தட்டு. டி.வி. மேல் மாவுத் துணி. ரூஃபஸ் மாடிப்படியில், செருப்போடு செருப்பாக. கிரிக்கெட்டில் யார் அவுட் என்பதைக்கூட அடுத்த வீட்டு ஜன்னல் வழியாக வரும் கூச்சலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

"இந்த வருஷம் என் வீட்டில் ஒரு முறுக்கு வெந்தால் நான் ரூஃபஸ் இல்லை!" என்று சனிக்கிழமை காலை சபதம் போட்டார். கண்ணாடி முன்னால் நின்று, சத்தமில்லாமல். மனைவி ஜெயசுந்தரி வீட்டில் இருந்தாள் அல்லவா.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க."

அடுக்களைத் தொட்டியில் மூன்று இரும்புச் சட்டிகள். முந்தின நாள் கிறிஸ்துமஸ் பலகாரம் குல்குல் பொரித்தவை. விளிம்பெல்லாம் எண்ணெய் காய்ந்து இறுகி, வார்னிஷ் அடித்த மாதிரிப் பழுப்புப் பிசுக்கு. நகம் வைத்துச் சுரண்டினால் நகம்தான் போகும், பிசுக்கு போகாது.

"வேலைக்கு வர்ற அம்மா 'நக்கோ'ன்னு ஒரே வார்த்தையில மறுத்துட்டுப் போயிட்டாங்க. எனக்கு மணிக்கட்டு விட்டுப் போச்சு. நாளைக்கு முறுக்கு சுடணும். தேய்ச்சுக் குடுங்களேன்."

ரூஃபஸின் காது நிமிர்ந்தது. எதிராளிக்கு அவசரம் என்றால் நமக்கு லாபம். இது அவர் தெருவில் கற்ற பாடம்.

"தேய்க்கலாம். எனக்கு என்ன கிடைக்கும்?"

"ஆசீர்வாதம் கிடைக்கும்."

"அது ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனா சும்மாவே கிடைக்குது. நாளைக்கு முறுக்கு இங்க கூடாது. இனிமே எந்த வருஷமும் கூடாது. எதிர்வீட்டுக் கரோலின்கிட்ட வச்சுக்கோங்க."

"அதெப்படிங்க முடியும்? பாஸ்டரம்மா என்ன நினைப்பாங்க? நீங்க தேய்க்கவே வேண்டாம் சாமி. கரோலின் வீட்டுக்காரர் ஆலன் தம்பிகிட்டக் குடுத்துக்கிறேன். தார்நாகா லேப்ல சயின்டிஸ்ட். அவருக்கு இதெல்லாம் ஜுஜுபி."

மூன்று சட்டியையும் அடுக்கித் தூக்கிக்கொண்டு ஜெயசுந்தரி வாசலைப் பார்த்து நடந்தாள். திரும்பியே பார்க்கவில்லை.

விலை படியாதபோது கடைக்காரர்களிடம் ரூஃபஸ் நடக்கிற நடை அது. ஆலன் பெயரைக் கேட்ட கோபத்தில் மனிதருக்கு அது உறைக்கவில்லை.

"ஏய், நில்லு! அவன் சட்டியைத் தொடுறதுக்கு முன்னால அதைப் பத்திப் பத்துப் பக்கம் எழுதுவான். இரும்பு எனக்குத் தெரியுமா, அவனுக்குத் தெரியுமா?"

அவள் நின்றாள். சட்டியை மட்டும் இறக்கவில்லை.

ரூஃபஸுக்கு அப்போதுதான் அந்த அபாரமான யோசனை உதித்தது. "இன்னைக்கு மட்டும் இல்ல. வருஷா வருஷம் முறுக்குச் சட்டி என் பொறுப்பு. ஆனா சுடுறது கரோலின் வீட்டுல. சம்மதமா?"

சொல்லிவிட்டு உள்ளுக்குள் விழுந்து விழுந்து சிரித்தார். சுடுவது அந்த வீட்டில் என்றால் சட்டியும் அந்த வீட்டுச் சட்டி. வராத சட்டியை ஆயுசு முழுக்கத் தேய்க்கலாமே!

"மொத்தச் சட்டியுமா?"

"ஹவ், ஆமா, மொத்தமும்!"

"சங்கத்துல சொல்லட்டுமா?"

"மைக் வச்சுச் சொல்லு!"

ஜெயசுந்தரி நீளமாகப் பெருமூச்சு விட்டாள். "சரி. உங்களுக்காக."

அதன்பிறகு ரூஃபஸ் வேலை செய்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அண்டாவில் தண்ணீர் நிறைத்து, சலவைச் சோடாவைக் கொட்டி, சட்டிகளை முக்கிக் கொதிக்கவிட்டார். பிசுக்கு இளகியதும் மரக்கரண்டியால் வழித்தார். கல்லுப்பும் தேங்காய் நாருமாகத் தேய்த்தார். "போறியா, இல்ல பட்டறைக்குத் தூக்கிட்டுப் போயிரவா?" என்று மூன்றாவது சட்டியை மிரட்டினார். அது மசியவில்லை. மறுபடியும் கொதிக்கவைத்தார். கடைசியில் இரும்பு தன் சொந்த நிறத்தைக் காட்டியது. துருப்பிடிக்காமல் இருக்க அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, மேலாக எண்ணெய் தடவி, போட்டோ எடுத்துப் பட்டறை வாட்ஸப் குழுவில் போட்டார். தலைப்பு: 'இரும்பு அறிந்தவன்.'

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜெயசுந்தரி சட்டிகளோடு எதிர்வீட்டுக்குப் போனாள். வீட்டில் முறுக்கு இல்லை, மாவு இல்லை, மாதர் இல்லை. ரூஃபஸ் சோபாவில் நீட்டிப் படுத்து, டி.வி. சத்தத்தைக் கூட்டிவைத்து, நிஜாம் மாதிரி கிரிக்கெட் பார்த்தார். நடுவில் எதிர்வீட்டில் பலத்த கைதட்டல் கேட்டது. பாட்டு நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மணி அடித்தது. வாசலில் ஆலன், முகவாய் வரைக்கும் அடுக்கிய சட்டிகளோடு. பின்னாலேயே ஜெயசுந்தரி, ஒரு தட்டு அச்சுமுறுக்கோடு.

"வாழ்த்துக்கள் அண்ணாச்சி! பாஸ்டரம்மா எல்லார் முன்னாலயும் உங்களைப் பத்திச் சொன்னாங்க. என்ன கைதட்டு! இதை எங்க வைக்கட்டும்?"

"யார் வீட்டுச் சட்டி இது?"

"எங்களுது பாதி, சங்கத்துக்காரங்க கொண்டுவந்தது பாதி. மொத்தமும் தேய்க்கிறது நீங்கதானாமே?"

ரூஃபஸ் சட்டிகளை ஒன்றொன்றாக எண்ணிப் பார்த்தார். ஆனாலும் கொடுத்த வாக்கு வாக்குதான். சட்டி போனால் போகிறது, சோபா கைக்கு வந்ததே! மீசையை நீவிக்கொண்டு, "அது கிடக்கட்டும் தம்பி. ஒரே ராத்திரியில கரோலினை எப்படிச் சம்மதிக்கவச்சா எங்க வீட்டுக்காரி?" என்றார்.

"சம்மதமா? புது மாடுலர் கிச்சன் போட்டதுலேருந்து எங்க வீட்டுலதான் சுடணும்னு கரோலின்தானே நச்சரிச்சா! போன மாசமே முடிவாயிடுச்சு அண்ணாச்சி. சட்டி தேய்க்கத்தான் ஆள் கிடைக்கல."

ரூஃபஸ் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "அப்போ நேத்து நான் போராடி வாங்கினது?"

ஜெயசுந்தரி அவர் கையில் ஒரு முறுக்கை வைத்தாள்.

"கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேங்க. நீங்கதான் விலை சொன்னீங்க."