சறுக்கிய பன்றியும் படமெடுத்த கரடியும்

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. மார்கழி பிறந்தால் அது கல்லாக உறைந்துபோகும். நம் பக்கத்தில் எந்தக் காட்டில் ஏரி உறைகிறது என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் பன்றி பேசப்போகிறது, கரடி சினிமா எடுக்கப்போகிறது. அதையெல்லாம் சும்மா விட்டுவிட்டுப் பனிக்கட்டிக்கு மட்டும் சாட்சி கேட்பது நியாயமில்லை.

ஏரிக்கரையில் மூக்காயி என்ற காட்டுப்பன்றி தன் அம்மா ஒச்சம்மாவோடு இருந்தாள். கிழங்கு தோண்டிப் பிழைக்கிற குடும்பம். மூக்காயிக்குக் கிழங்கில் மனம் நிற்காது. ஏரி உறைந்ததும் கால்களில் தகடு கட்டிக்கொண்டு சறுக்கப் போய்விடுவாள். தரையில் பார்த்தால் கனத்த உடம்பு. பனியில் இறங்கிவிட்டால் அவளே வேறு. வேகமாக வந்து, எம்பி, காற்றிலேயே மூன்று சுற்று சுற்றி இறங்குவாள். அந்தக் காட்டில் வேறு யாருக்கும் இரண்டாவது சுற்றே வராது.

ஒச்சம்மாவுக்குச் சறுக்குவதைப் பற்றி ஒன்றும் தெரியாது. மகள் எம்பினால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். பக்கத்தில் நிற்பவரிடம், "இறங்கிட்டாளா? முழுசா இறங்கிட்டாளா?" என்று கேட்பாள். மகள் வந்து காலைச் சூடுபடுத்திக்கொள்ளக் கரையில் கல் சுடவைத்திருப்பாள். தோண்டிய கிழங்கில் பெரியதை மகளுக்கு வைத்துவிட்டு, தனக்குச் சின்னதுதான் பிடிக்கும் என்பாள். மகளைக் கடிந்து ஒரு சொல் சொன்னவளில்லை.

வருஷா வருஷம் சறுக்குப் போட்டி நடக்கும். நடுவர்கள் கொக்குகள். கொக்குகளுக்கு நளினம் முக்கியம். சாருலதா என்ற புள்ளிமானுக்கு நளினம் பிறக்கும்போதே வந்துவிட்டது. அவள் ஒரு சுற்றுதான் சுற்றுவாள், ஆனால் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு சுற்றுவாள். கொக்குகள் சொக்கிப்போய் ஒற்றைக்காலில் நிற்கும். எப்போதுமே ஒற்றைக்காலில்தான் நிற்கும் என்றாலும், அன்றைக்குக் காரணத்தோடு நிற்பதாகத் தோன்றும். முதல் பரிசு மானுக்கு, இரண்டாவது பன்றிக்கு. ஒவ்வொரு வருஷமும் இதேதான்.

ஒரு வருஷம் போட்டியன்று காலையில், சாருலதாவின் தகடுகள் பைன் மரக் கிளையில் தொங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் யாரும் இல்லை. மரத்தில் பிசின் வடிந்துகொண்டிருந்தது. மூக்காயி இப்படியும் அப்படியும் பார்த்தாள். பிசினை மூக்கால் வழித்து முன்கால் தகட்டில் தடவிவிட்டுப் போய்விட்டாள்.

சாருலதா கழுத்தைச் சாய்த்துக்கொண்டு எம்பினாள். இறங்கியபோது முன்கால் பனியில் ஒட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் முன்னால் போனது. எலும்பு முறிந்த சத்தம் கரை வரைக்கும் கேட்டது.

விசாரணை கூடியது. காட்டின் தலைவரான யானை பெரிய கேள்வியாக ஒன்றைத் தயார் செய்துகொண்டு வந்தது. கேட்கத் தேவையிருக்கவில்லை. மூக்காயியின் மூக்கில் பிசினும், பிசினில் இரண்டு இலையும் ஒட்டியிருந்தன.

"நான்தான்யா தடவுனேன்" என்றாள் அவள்.

ஆயுள் முழுக்க ஏரியில் இறங்கக்கூடாது என்று தீர்ப்பானது. சாருலதாவின் கால் கோணலாகக் கூடியது. அவளும் அதற்குப் பிறகு சறுக்கவில்லை.

என்னைப் போன்ற நீதிக்கதைக்காரர்களுக்கு அந்த வருஷம் நல்ல விளைச்சல். "பொறாமை கொண்ட பன்றி" என்று ஆளாளுக்கு எழுதினோம். என்னுடையது பள்ளிக்கூடப் பாடத்திலேயே வந்தது. அதைப் படித்து யாராவது பொறாமையை விட்டார்களா என்றால், பாடத்தில் என் கதை வந்ததற்காக மற்ற எழுத்தாளர்கள் என்னோடு பேசுவதை விட்டார்கள். அவ்வளவுதான் பலன்.

மூக்காயி கிழங்கு தோண்டினாள். மார்கழி வந்தால் கரையில் உட்கார்ந்து வெறும் பனியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒச்சம்மா பக்கத்தில் வந்து உட்காருவாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

வருஷங்கள் போயின. ஒருநாள் சாம்பசிவம் என்ற கரடி அவர்கள் வீட்டுக்கு வந்தது. கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் துண்டு. சினிமா இயக்குநர். எழுதுகிறவர்களைவிடப் படமெடுக்கிறவர்கள் அதிகம் கரடி விடுவார்கள் என்பது எங்கள் தரப்பு வாதம். அவர்கள் எங்களைப் பற்றி அதையே சொல்கிறார்கள்.

"உன் கதையைப் படமா எடுக்கப்போறேம்மா. எல்லாரும் உன்னை வில்லியாப் பார்த்துட்டாங்க. நான் உன் மனசைக் காட்டப்போறேன். சொல்லு, ஏன் பிசின் தடவின?"

"பொறாமைண்ணே."

"அது தெரியும். அதுக்குப் பின்னாடி என்ன?"

"பின்னாடி ஒண்ணுமில்ல. அவ ஜெயிச்சுக்கிட்டே இருந்தா. எனக்கு வயிறு எரிஞ்சுது."

கரடிக்கு முகம் சுருங்கியது. "வயித்தெரிச்சலை வெச்சு ஒரு ரீல்கூட ஓட்ட முடியாதும்மா. சின்ன வயசுல உன்னை யாராவது அடிச்சிருப்பாங்களே?"

"இல்லையே."

"பட்டினி?"

"எங்கம்மாதான் பட்டினி கிடக்கும். எனக்குப் போட்டுரும்."

"அடடா" என்று தலையில் கை வைத்துக்கொண்டது கரடி. "இவ்வளவு நல்ல அம்மாவை வெச்சுக்கிட்டு நான் எப்படிம்மா படம் எடுக்கிறது? ஜனங்க கேட்பாங்கள்ல, இப்படி வளர்ந்த பொண்ணு ஏன் இப்படிப் பண்ணினான்னு?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள் மூக்காயி.

கரடி கிளம்பவில்லை. ஏரியைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. பிறகு மெதுவாகச் சொன்னது: "படம் மட்டும் ஓடட்டும். யானையே வந்து தடையை எடுத்துடும். நீ திரும்பவும் சறுக்கலாம்."

மூக்காயியின் கால்கள் தாமாகவே அசைந்தன. "சரிண்ணே. எங்கம்மாவை மட்டும் கொஞ்சம் பார்த்துக் காட்டுங்க" என்றாள்.

"கவலையே படாதே. அம்மா கேரக்டருக்குத்தான் படத்திலேயே அதிக வெயிட்."

படத்தின் பெயர் "பனியில் ஒரு பாவம்". மலைப்பக்கத்து வெள்ளைப் பாறையில் திரையிட்டார்கள். டிக்கெட்டுக்கு நின்ற வரிசை அருவிவரை நீண்டது. ஆமைகள் முந்தின வாரமே கிளம்பி வந்திருந்தன. மூக்காயிக்கும் ஒச்சம்மாவுக்கும் முதல் வரிசையில் இடம் போட்டிருந்தார்கள்.

படத்தில் குட்டிப் பன்றி ஒன்று பசியில் அழுதது. ஒரு கழுதைப்புலி பன்றி வேஷத்தில் வந்து, கள்ளைக் குடித்துவிட்டு, கொள்ளிக்கட்டையால் அதை அடித்தது. "ஜெயிக்காம வீட்டுக்கு வந்தே, தோலை உரிச்சுடுவேன்!" என்று கத்தியது. கூட்டம் முழுக்க மூக்கை உறிஞ்சியது.

ஒச்சம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாருடி அந்தப் பாவி? பச்சைப் புள்ளையைப் போட்டு இந்த அடி அடிக்கிறா!"

மூக்காயி அம்மாவின் காதருகே குனிந்தாள். "அது நீதாம்மா" என்றாள்.

ஒச்சம்மா திரையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் அழவில்லை.

படத்தில் மான் வந்து பன்றியின் முகத்தில் எச்சில் துப்பியது. பிசின், மழையில் தானாகவே மரத்திலிருந்து சொட்டித் தகட்டில் விழுந்தது; அதற்கு ஒரு சோகப் பாட்டு. மான் காலொடிந்து விழுந்தபோது பின்வரிசைக் குரங்குகள் விசிலடித்தன. கடைசியில் தனியாகப் பனியைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பன்றியைக் காட்டியபோது, தீர்ப்புச் சொன்ன யானையே தும்பிக்கையால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒச்சம்மா நின்றாள். "ஏன்டி, நான் அடிச்சிருப்பேனா? எனக்குத்தான் ஞாபகமில்லாமப் போச்சா?"

"நீ அடிக்கலைம்மா."

"அத்தனை பேரும் அழுதாங்களே."

மறுநாள் முயல் கடையில் ஒச்சம்மாவுக்கு உப்புத் தர மறுத்துவிட்டார்கள். அணில்கள் மரத்திலிருந்து கொட்டைகளை எறிந்தன. குட்டி வைத்திருக்கிறவர்கள் அவளைக் கண்டதும் குட்டிகளை அணைத்துக்கொண்டு விலகினார்கள். மூக்காயிக்கோ வாசலில் கூட்டம். எல்லோரும் அவளைக் கட்டிப்பிடித்து செல்ஃபி எடுத்தார்கள். என் பாடத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். "பன்றியின் வலி புரியாத எழுத்தாளர்" என்று என்னைப் பற்றி ஒரு காட்டெருமை கட்டுரை எழுதியது. என் வலியைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

மூக்காயி கரடியிடம் ஓடினாள். "எங்கம்மாவுக்கு உப்புத் தர மாட்டேங்கிறாங்கண்ணே!"

"அதுக்கென்ன, ரெண்டாம் பாகம் எடுத்துடலாம்" என்றது கரடி. "உங்கம்மா ஏன் அப்படி ஆனாங்கன்னு காட்டுவோம். அவங்கம்மா அவங்களை அடிச்சிருப்பாங்க."

"அவங்க செத்துப் பல வருஷமாச்சே."

"ரொம்ப நல்லது. உப்பு வாங்கப் போக மாட்டாங்க."

அன்று சாயங்காலம் சாருலதா வந்தாள். முன்காலை இழுத்து இழுத்து நடந்து வந்து வாசலில் நின்றாள். விசாரணைக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதே இல்லை.

"படம் பார்த்தேன்" என்றாள் சாருலதா. "அழுதுட்டேன்."

"நீயுமா?"

"அவ்வளவு நல்லா எடுத்திருக்கார். இடைவேளைக்கு அப்புறம் நான் விழுந்தேன் பாரு, அந்த இடத்துல நானே கைதட்டிட்டேன். தட்டி முடிச்சப்புறம்தான் கால் வலிச்சுது."

மூக்காயி தலையைக் குனிந்துகொண்டாள். "நான் உன்கிட்ட மன்னிப்பே கேட்கலை, சாரு."

"இப்போ கேட்டுடாதே. அதுக்கும் என்னைத்தான் திட்டுவாங்க."

"இல்ல, கேட்கத்தான் வேணும். பிசின் தானா சொட்டலை. நான் தடவுனேன். நீ விழுந்தப்ப ஒரு நிமிஷம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு. மன்னிச்சிரு."

சாருலதா கோணல் காலை நீட்டி வாசலிலேயே உட்கார்ந்தாள். "இதைப் படத்துல வெச்சிருக்கலாம்" என்றாள். ஒச்சம்மா உள்ளேயிருந்து இரண்டு கிழங்கு கொண்டுவந்தாள். தருவதா வேண்டாமா என்று தயங்கி நின்றாள். சாருலதா தானே கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

ஏரி உறைந்ததும் மூக்காயிக்குப் பாராட்டு விழா. யானை தடையை நீக்குவதாக அறிவித்தது. காடே கரையில் கூடியிருந்தது. மூக்காயி தகடு கட்டிக்கொண்டு பனியின் நடுவில் நின்றாள். ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார்கள்.

"எங்கம்மா என்னை அடிச்சதே இல்லை" என்றாள். "சாருலதா என் மேல துப்புனதும் இல்லை. பொறாமையில நான்தான் பிசின் தடவுனேன். படத்துல வர்றது பொய்."

கூட்டத்தில் ஒரு வரையாடு விம்மியது. "பாரேன், அடிச்ச அம்மாவைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேங்குது!" விம்மல் கரை முழுக்கப் பரவியது. "காலை வாரின மானுக்கும் பரிஞ்சு பேசுது!" என்றது ஒரு முள்ளம்பன்றி. யாருடைய காலை யார் வாரினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மூக்காயி மறுபடி சொன்னாள், கத்திச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அழுகைதான் கூடியது. கடைசியில் ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டுக் காலிலிருந்த தகட்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.

அதைப் பார்த்ததும் ஒச்சம்மா பனியில் இறங்கிவிட்டாள். வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். கூட்டம் கூச்சல் போட்டது. தவழ்ந்தே நடுவுக்கு வந்து ஒலிபெருக்கியை எடுத்தாள்.

"ஆமாய்யா, அடிச்சேன். கொள்ளிக்கட்டையாலதான் அடிச்சேன். போதுமா? இப்ப எம்மவளைச் சறுக்க விடுங்க."

"அம்மா!" என்றாள் மூக்காயி.

"நீ சும்மா இருடி. தகட்டைக் கட்டு."

யானைதான் முதலில் கைதட்டியது. "எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்! செய்த தவறை ஊரறிய ஒப்புக்கொண்டாரே!" அவ்வளவுதான். அணில்கள் ஓடிவந்து காலில் விழுந்தன. முயல் ஒரு மூட்டை உப்போடு வந்தது. கரடி எல்லோரையும் தள்ளிக்கொண்டு வந்து, "ரெண்டாம் பாகத்துக்கு இதுதான் கிளைமாக்ஸ்!" என்று கத்தியது. ஒச்சம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மொத்தக் கூட்டமும் ஊர்வலமாகப் போய்விட்டது.

மூக்காயி திரும்பிப் பார்த்தபோது கரை காலியாக இருந்தது. சாருலதா மட்டும் கோணல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நிக்கிறியே, போ. எனக்குக் குளிருது" என்றாள்.

மூக்காயி போனாள். வேகமெடுத்தாள், எம்பினாள். ஒரு சுற்று வந்தது. இரண்டாவதில் பாதி வந்தது. பிறகு தொப்பென்று பனியில் விழுந்து, வயிற்றாலேயே வழுக்கிக்கொண்டு வந்து சாருலதாவின் காலடியில் நின்றாள்.

சாருலதா சிரித்தாள். மூச்சு முட்ட, கண்ணில் நீர் வர, நளினமே இல்லாமல் சிரித்தாள். மூக்காயியும் குப்புறக் கிடந்தபடியே சிரித்தாள்.

"தோளை இறக்கிட்டே. அதான். எழுந்திரு, இன்னொரு தடவை" என்றாள் சாருலதா.

கதையை இங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் கடைசியில் ஒரு நீதி வைக்காவிட்டால் இந்த ரகத்தைப் பதிப்பாளர் வாங்க மாட்டார். எனக்கு இதில் தேறியது இவ்வளவுதான்:

நீதி: தப்பு செய்வதென்றால் நல்ல இயக்குநர் கண்ணில் படும்படி செய்யுங்கள். நல்லவராகத்தான் இருப்பேன் என்று அடம்பிடித்தால், தயவுசெய்து யாருக்கும் அம்மாவாக மட்டும் இருக்காதீர்கள்.