செம்பனேந்தல் ரெக்கை விவகாரம்

செம்பனேந்தல் கண்மாய்க்குள் ஓர் ஆகாய விமானம் கிடக்கிறது. ஊரில் எல்லாருக்கும் எண்பது வருஷமாக இது தெரியும். ஆகவே அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பெரிய சண்டை நடந்த காலத்தில் வெள்ளைக்காரன் இந்தப் பக்கத்துப் பொட்டலில் விமானம் இறங்கப் பாதை போட்டிருந்தானாம். அங்கே இறங்க வேண்டிய ஒன்று, ஓர் ஐப்பசி மழையில் திசை தப்பி, நிறைந்து கிடந்த கண்மாயை மைதானம் என்று நம்பி இறங்கிவிட்டது. ஓட்டியவன் நீந்திக் கரையேறி, ஊரார் கொடுத்த கூழைக் குடித்துவிட்டு, கும்பிடு போட்டுவிட்டுக் கல்லல் ஸ்டேஷனைப் பார்க்க நடந்தான். விமானம் நடக்கவில்லை. மடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் மூக்கைச் சேற்றில் குத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. சித்திரையில் தண்ணீர் வற்றினால் வால் வெளியே தெரியும். அதன் ஒரு பக்கம் நீர்க்காக்கை சிறகைக் காயவைக்கும். மறுபக்கம் கல்யாணசுந்தரி சேலையைக் காயவைப்பாள்.

கல்யாணசுந்தரி, சின்னச்சாமியின் மனைவி. சின்னச்சாமி அந்தக் கண்மாயின் நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பது, அடைப்பது, வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடுவது அவர் வேலை. செம்பனேந்தல் மடைக்குச் சக்கரமும் கிடையாது, சாவியும் கிடையாது. ஆள் மூச்சை அடக்கி முங்கி, மடைவாயை மூடியிருக்கும் பலகையைத் தூக்கிப் பக்கத்துக் கல்லில் சாத்திவிட்டு வர வேண்டும். அந்தப் பலகைக்கு ஊரில் 'ரெக்கை' என்று பெயர். "ரெக்கையத் தூக்கியாச்சா?" என்றால் தண்ணீர் திறந்தாயிற்றா என்று அர்த்தம். ஏன் ரெக்கை என்று ஒருவரும் கேட்டதில்லை. உலக்கையை ஏன் உலக்கை என்கிறோம் என்று கேட்கிறோமா என்ன?

இப்படியாக ஊரும் விமானமும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருந்து வந்த நாளில்தான், மார்கழிக் கடைசியில், சௌபர்ணிகா வந்தாள். ஊர் ஊராகப் போய் வீடியோ எடுத்துப் போடும் சென்னைப் பெண். காரைக்குடியில் ஹோட்டலாக மாறிவிட்ட ஒரு பழைய செட்டியார் வீட்டில் தங்கியிருந்தாள். அங்கே தங்கியவர்கள் எல்லாரும் முன்கூட்டியே எல்லாத் தூணையும் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துவிட்டிருந்ததால், கட்டிப்பிடிக்க அவளுக்குப் புதிதாக ஒன்று தேவைப்பட்டது. முதுகில் காற்று உருளையும் காலில் தவளைச் செருப்புமாகக் கண்மாயில் இறங்கினாள். சேற்றுத் தண்ணீரில் அவளுக்கு அவள் கையே தெரியவில்லை. சின்னச்சாமி முங்கி, அவள் கையைப் பிடித்து விமானத்தின் மேல் வைத்துவிட்டு, "இதுதான் தாயி" என்று மேலே வந்து சொன்னார். நாற்பது நொடி பச்சை இருட்டும் ஒரு கட்டைவிரலும் தெரிந்த அந்த வீடியோவுக்கு 'எண்பது ஆண்டு ரகசியம்' என்று தலைப்பு. மூன்று நாளில் பத்து லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் ஒருவர் மேலிடத்தில் இருந்தார்.

சிவகங்கையில் 'நீரடி மரபுச் சின்னங்கள் தனி அலுவலகம்' என்று ஒன்று இருந்தது. பதினொரு வருஷமாக அதற்கு நீரும் கிடைக்கவில்லை, சின்னமும் கிடைக்கவில்லை. அதன் தனி அலுவலர் மரிய ஜெரால்டு நல்ல மனிதர். ஓய்வு பெறுவதற்குள் ஒரே ஒரு கோப்பாவது தடிமனாகிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. மேலிடத்திலிருந்து போன் வந்ததும் அவர் கண் கலங்கிவிட்டதாக டிரைவர் சொன்னார்.

ஜீப் கரைமேல் வந்து நின்றது. பஞ்சாயத்துத் தலைவர் சேவுகப்பெருமாள் துண்டோடு ஓடினார்.

"விமானத்தை முழுசா அளக்கணும். ராமேஸ்வரத்துல இருந்து முக்குளிக்கிற ஆட்களை வரவழைக்கணும்" என்றார் மரிய ஜெரால்டு.

"சித்திரை வரைக்கும் பொறுங்க சார்" என்றார் சின்னச்சாமி. "தண்ணி முழங்காலுக்கு வத்திரும். செருப்பைக் கழட்டிட்டு நடந்தே போயிப் பாக்கலாம்."

"நடந்து போனா முக்குளிப்புக் கணக்குல வராதே. ஒதுக்கீடு முக்குளிப்புக்குத்தான் வந்திருக்கு. அதுவும் மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள."

சின்னச்சாமிக்கு அது புரியவில்லை. ஆனால் புரியாத விஷயத்தை அவ்வளவு தெளிவாக யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

தை பிறந்ததும் ஆணை வந்தது. மேற்படி சின்னம் நீருக்கடியில் அமைந்த சின்னம் என்பதாலும், நீரை எடுத்துவிட்டால் 'அடியில்' என்பது இல்லாமல் போய்விடும் என்பதாலும், நீரும் சின்னத்தின் பிரிக்க முடியாத அங்கமாகக் கருதப்பட வேண்டும். ஆகவே மறு உத்தரவு வரும்வரை மடையைத் திறப்பது சின்னத்தைச் சிதைப்பதற்குச் சமம். கரையில் ஆறடிக்கு மூன்றடி இரும்புத் தகட்டில் நீல போர்டு ஒன்றும் நட்டார்கள். 'நீருக்கடியில் அமைந்த பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னம். இதைத் தொடவோ, தூக்கவோ, இடம் மாற்றவோ கூடாது' என்று அதில் எழுதியிருந்தது. கரைமேல், வெயிலில், கம்பத்தில் நின்றுகொண்டு அது அப்படிச் சொன்னது.

சின்னச்சாமி ஆணையை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். வயலெல்லாம் நெல் பால் பிடிக்கிற சமயம். இன்னும் இரண்டு தண்ணீர் காட்டினால் மணி, காட்டாவிட்டால் பதர். அவருடைய ஒன்றரை ஏக்கர் மட்டும் இல்லை, நூற்றிருபது ஏக்கரும் அவர் மூச்சைத்தான் நம்பி நின்றது.

"ரெண்டே தண்ணி சார். கதிர் தலை சாஞ்சதும் கண்மாய நீங்களே வச்சுக்கங்க."

"கமிட்டி கூடட்டும்" என்றார் மரிய ஜெரால்டு. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

கமிட்டி காரைக்குடியில் கூடியது. விமானத்தை வெளியே எடுத்தால் காற்றுப் பட்டுக் கெடும் என்று பாதிப் பேர் நிரூபித்தார்கள். உள்ளேயே விட்டால் தண்ணீர் பட்டுக் கெடும் என்று மீதிப் பேர் நிரூபித்தார்கள். எடுக்காமலும் விடாமலும் பாதுகாப்பது எப்படி என்று ஆராய உபகமிட்டி அமைத்துவிட்டு எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. டீக்கடை ஏகப்பன், போர்டை 'விமானம் கஃபே' என்று மாற்றி, அதே டீக்கு 'பைலட் டீ' என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் ஓட்டியவன் தங்கள் வீட்டுக் கூழைத்தான் குடித்தான் என்று பதினாறு குடும்பத்தார் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தார்கள். பதினாறு சொம்புக் கூழைக் குடித்தவன் கல்லல் வரை எப்படி நடந்தான் என்பதை ஆராயவும் ஓர் உபகமிட்டி வந்திருக்கும். தலைவர் வீட்டுச் சொம்பும் அதில் இருந்ததால் வரவில்லை.

"ஊருல எல்லாரும் கூழு குடுத்துட்டாக. அடுத்த வருஷம் கூழு காய்ச்ச நெல்லு யாரு குடுப்பா?" என்று கேட்டாள் கல்யாணசுந்தரி. சின்னச்சாமி வயலைப் பார்த்தார். வரப்போரத்தில் வெடிப்பு விட்டிருந்தது.

ராமேஸ்வரத்து ஆட்கள் முங்கி அளந்து பட்டியல் கொடுத்தார்கள். மூக்கு ஒன்று. வால் ஒன்று. இடது ரெக்கை ஒன்று. வலது ரெக்கை பாதிக்குமேல் காணவில்லை.

மரிய ஜெரால்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. சின்னம் கிடைத்த மாதமே சின்னம் களவு போயிற்று என்றால் எப்படி? ஏகப்பன் கடையிலேயே நாற்காலி போட்டு விசாரணையைத் தொடங்கினார். முதல் சாட்சி, தண்ணீருக்குள் அதிகம் போய்வந்த சின்னச்சாமி.

"ரெக்கையைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"மார்கழி பதினெட்டுல தூக்குனேன் சார்."

பேனா நின்றது. "நீங்களா தூக்குனீங்க?"

"நான்தானே தூக்கணும்? எங்கய்யாவும் தூக்கியிருக்காரு. பரம்பரையா நாங்கதான் தூக்குறோம்."

"பரம்பரையா!"

"ஊருக்கே தெரியும் சார். தலைவர் சொல்லித்தான் தூக்குனேன்."

சேவுகப்பெருமாளுக்குப் பைலட் டீ புரையேறியது. "ஏப்பா, என்னைய ஏன்டா இழுக்குற?"

"ஏன் சித்தப்பா, நீங்கதானே கரையில நின்னுக்கிட்டு, மேலூர்க்காரன் பங்கு கேட்டு வாரதுக்குள்ள தூக்குடா தூக்குடான்னு கத்துனீக?"

மரிய ஜெரால்டு வேகமாக எழுதினார். "தூக்கி எங்க கொண்டு போனீங்க?"

"எங்குட்டும் கொண்டு போகல. பக்கத்துக் கல்லுல சாத்துனேன். மூணு நாள் கழிச்சுத் திருப்பிப் போட்டேன்."

"எடுத்ததைத் திருப்பிப் போட்டீங்களா?"

"போடாம? கண்மாய்த் தண்ணி பூராம் போயிருமே!"

அலுவலர் மெதுவாகக் கேட்டார். "அந்த ரெக்கை எப்படி இருக்கும்?"

"தகடு சார். இரும்பு இல்ல, லேசா இருக்கும். ஓரத்துல வரிசையா ஆணி அடிச்சிருக்கும். நடுவுல வட்டத்துக்குள்ள வட்டமா ஏதோ பெயின்ட்டு..." சொல்லிக்கொண்டே வந்த சின்னச்சாமிக்குக் குரல் இறங்கியது. முப்பது வருஷமாக மூச்சடக்கித் தூக்கிய பலகைக்கு ஏன் அந்தப் பெயர் என்பது அந்த நாற்காலி முன்னால்தான் அவருக்கு உறைத்தது. விமானம் விழுந்த வருஷம் மடைப்பலகை உளுத்துப் போயிருந்ததாம் என்று அய்யா சொன்னதும் ஞாபகம் வந்தது.

"அதை உடனே தூக்கணும்!" என்று எழுந்தார் மரிய ஜெரால்டு.

சின்னச்சாமி அவரைப் பார்த்தார். வயலைப் பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

"ரெக்கையத் தூக்கிறலாமாங்க சார்?"

"இப்பவே."

"தூக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கு. எழுத்துல குடுத்துட்டீங்கன்னா..."

'மேற்படி ரெக்கையை எவ்விதக் காலதாமதமுமின்றித் தூக்கவும்' என்று முத்திரையோடு ஆணை கிடைத்தது. செம்பனேந்தல் வரலாற்றில் மடை திறக்க அரசாங்கமே அவசர ஆணை போட்டது அதுதான் முதல் தடவை. சின்னச்சாமி முங்கினார். வாய்க்காலில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. ஊரே ரெக்கையை வேடிக்கை பார்த்தது. கல்யாணசுந்தரி மட்டும் மண்வெட்டியோடு வயலுக்கு ஓடினாள்.

நாலு நாளில் நூற்றிருபது ஏக்கரும் நனைந்தது. சின்னச்சாமி ரெக்கையைக் கேட்டுப் போனார்.

"அது சிவகங்கை போயிருச்சே" என்றார் மரிய ஜெரால்டு. "அரிய சின்னம். அதைப் போய் மடைக்கு அடைப்பாப் போடுறதா? புதுப் பலகைக்கு எழுதியிருக்கேன். டெண்டர் விட்டு, பதினெட்டு மாசத்துல வந்துரும்."

"தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு சார்."

"அதையும் எழுதியிருக்கேன்."

சாமர்த்தியமாகத் திறந்தாயிற்று, அடைக்கத்தான் வழியில்லை. மணல் மூட்டை போட்டார், புரட்டிக்கொண்டு போயிற்று. ஆறாம் நாள் பாதிக் கண்மாய் காலி. மாட்டுக்கும் மனுஷனுக்கும் கோடை முழுக்க அதுதான் தண்ணீர். கரையில் தலையில் கைவைத்து உட்கார்ந்தவரின் நிழலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் நீளமாக விழுந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தார். ஆறடிக்கு மூன்றடி. இரும்புத் தகடு.

கனம் கொஞ்சம் கூடுதல். மற்றபடி, அளவெடுத்துச் செய்ததுபோல மடைவாயில் போய் உட்கார்ந்தது.

பிறகு ஒரு காரியமாக அவர் சிவகங்கை அலுவலகத்துக்குப் போனபோது ரெக்கையையும் பார்த்தார். மழைக்குத் தெருத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று அலுவலக வாசலில் குறுக்கே சாத்தி வைத்திருந்தார்கள். எங்கே போனாலும் அதற்குத் தண்ணீரைத் தடுக்கிற வேலைதான் என்று நினைத்துக்கொண்டார். அன்று அவர் போன காரியம், உத்தியோகம். தண்ணீருக்குள் யாரும் முங்காமல் பார்த்துக்கொள்ள, ஊரில் முங்கத் தெரிந்த ஒரே ஆளைச் 'சின்னக் காவலர்' ஆக நியமித்திருந்தார்கள். மாதா மாதம் ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும்: 'அறிவிப்புப் பலகை நல்ல நிலையில், உரிய இடத்தில் உள்ளது.' சின்னச்சாமி பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஒவ்வொரு மாதமும் மனச்சாட்சி உறுத்தாமல் கையெழுத்துப் போட்டார். தவிரவும், நீருக்கடியில் இருக்கிறேன் என்று அந்த போர்டு சொல்லிக்கொண்டிருந்தது இப்போதுதான் உண்மையாகியிருந்தது.

மறு தை வந்தது. நெல் பால் பிடித்தது. சின்னச்சாமி முங்கி எழுந்து ஈரத்தலையோடு கரையேறினார். தூரத்திலிருந்து சேவுகப்பெருமாள் கூவினார்.

"என்னப்பா, போர்டத் தூக்கியாச்சா?"

ஆண்டு ஆய்வுக்கு வந்து, கரைமேல் வெறும் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மரிய ஜெரால்டு திரும்பினார். அவருக்குப் பணி நீட்டிப்புக் கிடைத்திருந்தது.

"தூக்கியாச்சா? எங்க கொண்டு போனீங்க?"

"எங்குட்டும் கொண்டு போகல சார்" என்றார் சின்னச்சாமி. "நீருக்கடியிலதான் இருக்கு."

"நீருக்கடியிலயா?"

போன வருஷம் மடையை அடைத்துப்போட்ட ஆணையும் இதே சொல்லில்தான் தொடங்கியது என்பது சின்னச்சாமிக்கு ஞாபகம் வந்தது. அலுவலர் பேனா மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

"எழுதிக்கங்க சார். கமிட்டிய மட்டும் நாலு நாள் தள்ளிக் கூட்டுங்க. தென்கரை வயல் இன்னும் நனையல."

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கரையில் நின்றவர்களில் பதினாறு பேர், அந்த போர்டுக்கு முதன்முதலில் பெயின்ட் கொடுத்தது தங்கள் குடும்பம்தான் என்று எழுதிக் கொடுக்க, ஏகப்பன் கடைக்குத் தாள் வாங்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.