ஹைப்ரிட் இஞ்சினுக்கு முதுகு காட்டியவன்

அரைகுறை அறிவு உள்ளவன் வீட்டுக்குள்ளேயே கிடந்தால் அந்த வீட்டுக்கு மட்டும்தான் தொந்தரவு. அவன் கையில் ஒரு போனும், அதில் தினமும் இரண்டு ஜிபியும் இருந்துவிட்டால் முடிந்தது கதை. நான் யாரையோ மனதில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லவில்லை. இருபத்தாறு வயதில் நான் இருந்த லட்சணத்தைத்தான் சொல்கிறேன்.

எனக்கு ஊர் பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் கோட்டைக்குப்பம். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி, திருப்பாலைவனம் தாண்டி, பொன்னேரிக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு நான் ரயில் நிபுணன் ஆனேன். (யாரும் ஆக்கவில்லை. நானே ஆகிக்கொண்டேன்.) கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. மற்ற நேரமெல்லாம் ரயில் படம் எடுத்து 'தண்டவாளச் சக்கரவர்த்தி' என்ற பெயரில் இன்டர்நெட்டில் போடுவது. சக்கரவர்த்திக்குக் குடிமக்கள் முந்நூறு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள். மீதிப் பேர் விரல் தவறிப் பட்டவர்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தடத்தில் ஒரு ஹைப்ரிட் இஞ்சினைச் சோதனை ஓட்டம் விடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. மேலே கம்பி இருக்கும் இடத்தில் கரண்டில் ஓடும், கம்பி இல்லாத இடத்தில் பேட்டரியில் ஓடும். எனக்குத் தூக்கம் போயிற்று. ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தபோது நைனாவுக்கு (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அதை விளக்கினேன். அரை மணி நேரம் விளக்கினேன். நைனா மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டுச் சொன்னார்:

"அப்போ காத்து இருந்தா பாய், இல்லாங்காட்டி இஞ்சின். நம்ம படகு மாறி. அதானே?"

அதேதான். நான் அரை மணி நேரம் சொன்னதை அவர் அரை வரியில் முடித்துவிட்டார். அதற்கு ஒரு அறிவாளி என்ன செய்ய வேண்டும்? நான் சிரித்தேன். "அய்யோ நைனா, படகும் இதுவும் ஒண்ணா? உனக்கெல்லாம் இது புரியாது" என்றேன். படகு இஞ்சினை இருட்டிலேயே பிரித்துப் பூட்டுகிற மனிதரிடம், சைக்கிள் செயின் கழன்றால்கூட அடுத்தவனைக் கூப்பிடுகிற நான் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை இஞ்சின் வரும் என்று நம்பகமான தகவல் கிடைத்தது. (தகவல் தந்தவன் என்னைப் போலவே இன்னொரு சக்கரவர்த்தி.) கம்பெனியில் லீவு கேட்க வேண்டும். ரயில் படம் எடுக்க லீவு என்று கேட்டால் மேனேஜர் தரமாட்டார். ஆகவே, "அப்பாவுக்குப் பித்தப்பையில் கல் சார், ஆபரேஷன்" என்றேன். அவர் நல்ல மனிதர். எழுந்து வந்து என் தோளைப் பிடித்து, "தைரியமா இரு. ரத்தம் ஏதாவது வேணும்னா நம்ம பசங்ககிட்ட சொல்லு" என்றார். என் கண்கூடக் கலங்கிவிட்டது. இவ்வளவு நன்றாக நடிக்கிறேனே என்ற பெருமிதத்தில்.

பொய் சொல்லி லீவு போட்டவன் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு. அதை அன்று சாயங்காலமே செய்தேன். 'நாளை காலை! ஹைப்ரிட் இஞ்சின்! நேரலையில்!' என்று ஒரு லிங்க்கை என் போனில் இருந்த எல்லா குரூப்புக்கும் அனுப்பினேன். எல்லா குரூப்பிலும் கம்பெனி குரூப்பும் சேர்த்தி.

மறுநாள் மச்சானின் பைக்கில், மச்சானின் நண்பரிடம் இரவல் வாங்கிய கல்யாணக் கேமராவோடு, பொன்னேரிக்கு வெளியே உள்ள ரயில்வே கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு சங்கடம். அந்தக் கேட்டருகில்தான் என் அம்மா மீன் விற்கிறாள். கேட் மூடினால் வண்டிகள் நிற்கும், நின்றவர்கள் சும்மா இருக்க முடியாமல் கூடையைப் பார்ப்பார்கள், பார்த்தவர்களை அம்மா விடமாட்டாள். இருபது வருஷ வியாபாரம்.

"இன்னாடா, இந்தப் பக்கம்? வேலைக்குப் போவல?" என்றாள் அம்மா.

"ஆபீஸ் விஷயமாத்தான்மா. கொஞ்சம் கூடையை அந்தாண்ட தள்ளி வையேன். கேமராவுல வுழுது."

அம்மா என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு தள்ளி வைத்தாள். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே இரண்டு அறை கொடுக்கலாம் போலிருக்கிறது.

ரோட்டோரம் நின்று, கழுத்தில் கேமராவையும் கையில் போனையும் வைத்துக்கொண்டு நேரலையைத் தொடங்கினேன். கேட் மூடியது. தூரத்தில் மஞ்சளாக ஏதோ வந்தது. "இதோ! நாம் காத்திருந்த ஹைப்ரிட்!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே நாற்பது படம் எடுத்தேன். ஆட்டோ மாதிரி குலுங்கிக்கொண்டு அது கடந்து போனபோது, அதன் கூரைமேல் நின்ற ஒருவர் எனக்குக் கையசைத்தார். போன் திரையில் ஒருவன் எழுதினான்: 'அண்ணே, அது கரண்ட் கம்பி ரிப்பேர் பண்ற வண்டி.'

"தெரியும். நீங்க கவனிக்கறீங்களான்னு பார்த்தேன்" என்றேன்.

கேட் திறந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மூடியது. இரண்டு பக்கமும் லாரிகள் உறுமிக்கொண்டு நின்றன. சும்மா நிற்காமல் நான் முதுகைத் தண்டவாளத்துக்குக் காட்டி, முகத்தைப் போனுக்குக் காட்டி, பாடம் நடத்த ஆரம்பித்தேன். "இந்த இஞ்சினோட விசேஷம் என்னன்னா, பேட்டரியில ஓடறப்ப சத்தமே வராது..."

அப்போதுதான் நைனா வந்தார். அம்மாவுக்கு இரண்டாம் நடை நண்டு கொண்டுவந்திருக்கிறார். தோளில் ஐஸ் பெட்டி. நேராக என் பக்கத்தில் வந்து நின்று, போனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"டேய், இன்னாடா பண்ணிக்கினு கீற இங்க?"

அதே நொடியில் திரையில் மேனேஜர் பெயர். 'அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்ததா? நலமா?' அதற்குக் கீழேயே கம்பெனியில் இன்னொருவன்: 'பக்கத்துல யாருப்பா அது?'

என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது.

"இவரா? இவரு... பக்கத்து ஊர்க்காரர். நண்டு கொண்டாந்திருக்காரு."

நைனா பெட்டியை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு போய் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. பாடத்தைத் தொடர்ந்தேன். திரையில், 'பின்னாடி பாரு', 'பின்னாடி', 'யோவ் பின்னாடி' என்று வரிசையாக வந்தது.

"என்னை ஏமாத்த முடியாது நண்பர்களே" என்று சிரித்தேன்.

"டேய் எருமை! பின்னால பாருடா!" என்று அம்மா கத்தினாள். ஆபீஸ் விஷயத்தில் குறுக்கே வராதே என்று அவளுக்குக் கையால் சைகை காட்டினேன்.

கேட் மேலே போனது. வண்டிகள் நகர்ந்தன. பைக்கில் போன ஒருவர் என் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, "செம இஞ்சின் தம்பி. பூனை மாறி போச்சு. எடுத்துட்ட இல்ல?" என்றார்.

ஓடினேன். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று கேமராவைத் தூக்கி அழுத்தினேன். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு ஆடு மிகத் தெளிவாக இருக்கிறது. ஆட்டின் காதுக்கு மேலே கடுகளவு நீலமாக ஒன்று தெரிகிறதே, அதுதான் ஹைப்ரிட் இஞ்சின்.

போன் அடித்தது. மேனேஜர். அழைப்பு வந்ததும் நேரலை தானாக அறுந்தது. அன்று நடந்த ஒரே நல்ல காரியம். நான் போனைப் பார்த்தபடி மரமாக நின்றேன். நைனா வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்தார்.

"வணக்கம் சார். நான்தான் அவனோட அப்பன்... இல்ல சார், எனக்கு ஆபரேஷன்லாம் ஒண்ணும் ஆவல. ஒடம்பு நல்லாத்தான் கீது. பண்றதுன்னா இவனுக்குத்தான் சார் பண்ணணும். தலையில."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நாளைக்குக் காலைல வந்து பாக்கச் சொன்னாரு" என்றார். அவ்வளவுதான். பஸ்ஸைப் பார்த்து நடந்துவிட்டார்.

நான் அம்மாவின் கூடைப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அம்மா நண்டுக்கு ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"நீலக் கலரு வண்டிதானே? திங்கக்கெழமையிலேர்ந்து போய்க்கினு வந்துக்கினு கீது. கூரை மேல கம்பியத் தொடுமே ஒரு கை, அத மடக்கி வெச்சிக்கினு சத்தமில்லாம போவுது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ எங்க கேட்ட? கூடையைத் தள்ளுன்ன."

மறுநாள் மேனேஜர் என்னை உட்காரச் சொல்லவில்லை. எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டினார். "பொய் சொல்றவங்களைத் தினமும் பார்க்கறேன். கல்லு, கட்டி, காய்ச்சல், எல்லாம் கேட்டிருக்கேன். ஆனா பெத்தவரைப் பக்கத்துல நிக்க வெச்சிக்கிட்டு யாரோன்னு சொன்னவன் நீதான்யா" என்றார். கடிதத்தில் அந்த வரி இல்லை. அதுதான் எனக்கு மனப்பாடம்.

நைனா நான்கு நாள் என்னிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். பெரிதாகப் பேச நினைத்துப் போனேன், வாயில் வந்தது இவ்வளவுதான்: "தப்பு பண்ணிட்டேன் நைனா."

அவர் வலையிலிருந்து நிமிரவில்லை. "இன்னாத்துக்குப்பா என்னாண்ட மன்னிப்பு? நான் பக்கத்து ஊர்க்காரன்தானே" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "சரி சரி, அந்த முனையப் புடி" என்றார்.

அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். மறு வருஷம் தோணிரேவு கிராமத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் பெரியப்பா எல்லோரையும் உட்காரவைத்து, மரியாதையாக நைனாவிடம் கேட்டார்: "நீங்க மாப்பிள்ளைக்கு இன்னா ஒறவு வேணும்?"

நைனா டம்ளரைக் கீழே வைத்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "நான் பக்கத்து ஊர்க்காரங்க. நண்டு கொண்டாந்தேன்" என்றார்.

அங்கிருந்தவர்கள் திகைத்துப்போக, அம்மா முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. ஆட்டையும் விடவில்லை. உள்ளே கதவுக்குப் பின்னால் ஒருத்தி வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவளைத்தான் கட்டிக்கொண்டேன்.

இப்போது எங்கள் மகளுக்கு மூன்று வயது. என் மனைவியைப் பெற்றவர் அவளுக்குத் தோணிரேவுத் தாத்தா. ஒரே வீட்டில் எங்களோடு இருக்கிற, தினமும் மடியில் வைத்துச் சோறு ஊட்டுகிற என் நைனா அவளுக்குப் 'பக்கத்தூரு தாத்தா'. அங்கன்வாடியில் டீச்சர், "பக்கத்தூரு தாத்தான்னு சொல்லுதே பாப்பா, அவரு எந்த ஊர்லேர்ந்து வர்றாரு?" என்று என்னிடமே விசாரித்தார். கரண்ட்டிலும் பேட்டரியிலும் ஓடும் இஞ்சினை முந்நூறு பேருக்கு விளக்கிய நான், அதை மட்டும் எங்கிருந்து தொடங்கி விளக்குவது என்று தெரியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.