ப்ரிட்டா எந்த அணியில் ஆடுவது என்று நான் முடிவு செய்த விதம்

ஞாயிறு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு

அன்புள்ள மகள் சிக்னேவுக்கு,

அப்பா ஆன்செல்ம் எழுதுவது. இக்கடிதம் தபால் படகிலிருந்து கயிறு கட்டிய வாளியில் ஏறி உன் கப்பலின் மேல்தளத்துக்கு வந்து சேரும் வேளையில், எஞ்சின் அறையில் நீ நல்ல உடம்போடும், காதில் பஞ்சோடும் இருப்பாய் என நம்புகிறேன். வேலைக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் படிப்பாய் என்பதால், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று முதலிலேயே வரிசைப்படுத்தி விடுகிறேன்.

1. வீட்டில் எல்லாரும் நலம்.
2. ஊர் அணியின் ஆட்டத்தில் நடந்தது. மீன் பற்றிய என் விளக்கம்.
3. பயண அணித் தேர்வில் என்னைப் பற்றி மற்றவர்கள் கொண்ட தவறான எண்ணமும், அதில் என் பங்கும்.
4. ப்ரிட்டாவின் மனதில் இருப்பதை நான் கண்டுபிடித்தது. அதன்படி எடுத்த முடிவு.
5. நன்றி.

முதலாவதற்கு மேலே சொன்னதே போதும். மாப்பிள்ளை கர்ட்டிஸுக்கு மட்டும் தொண்டை கட்டியிருக்கிறது. காரணம் மூன்றாவதில் வரும்.

நீ கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் சமையலறையில் நீங்கள் இருவரும் போட்ட சண்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நம்ம பொண்ணு ப்ரிட்டா பத்து வயசுக் குழந்தை, சனிக்கிழமை காலையில் நம்ம மேட்டு மைதானத்தில் சிரிச்சு விளையாடிட்டு வீட்டுக்கு வரட்டும் என்றாய் நீ. தேர்வு வைத்து எடுக்கிற பயண அணியில் சேர்ந்து வாராவாரம் ஊர் ஊராகப் போய் மோதினால்தான் கால்பந்து ஆட்டம் வரும் என்றார் அவர். கடைசியில் "அப்பாவே முடிவு பண்ணட்டும், அவர் வாழ்க்கையில எதையும் முடிவு பண்ணினதே இல்ல, அதனால யார் பக்கமும் சாய மாட்டார்" என்று நீ சொன்னதும், மாப்பிள்ளை உடனே ஒப்புக்கொண்டதும், எனக்குப் பெருமையாகவும் கொஞ்சம் வேறு மாதிரியாகவும் இருந்தது. நாற்பது வருஷம் மாவட்ட நூலகத்தில் புத்தகங்களை வகை பிரித்தவன் நான். இந்தப் புத்தகம் இந்த அலமாரிக்கு என்று எழுதிவிட்டு, ராத்திரி படுத்தபின் இல்லையோ என்று யோசித்து, காலையில் போய் மாற்றி வைத்தவன். ஆனாலும் பொறுப்பு பொறுப்புதானே. பதினான்கு கட்டங்கள் போட்ட ஒரு தாளைத் தயாரித்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் நேரில் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

போன வாரச் சனிக்கிழமை ஊர் அணியின் ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொடுப்பது வீட்டுக்கு ஒரு வாரம் முறை என்பதும், அந்த வாரம் நம் வீட்டு முறை என்பதும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் தெரிந்தது. பள்ளிக்கூடம் அனுப்பிய விதித்தாளை மூன்று முறை படித்தேன். வேர்க்கடலை கூடாது, பாதாம் கூடாது, சாக்லேட் கூடாது, சிவப்புச் சாயம் போட்ட எதுவும் கூடாது. இத்தனையும் கழித்தபின் மிஞ்சுவது என்ன என்று யோசித்து, வினிகரில் ஊறிய ஹெர்ரிங் மீனை முறுகல் ரொட்டியில் வைத்து, பதினாறு பிள்ளைகளுக்குப் பதினாறு காகிதத் தட்டுகளில் அடுக்கிக் கொண்டுபோனேன். விதித்தாளில் மீன் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, இதை நீ நம்ப வேண்டும். பிள்ளைகள் மேஜையைச் சுற்றி வந்து நின்றார்கள். ஒரு பெண் "இது செத்துப்போச்சா?" என்று கேட்டாள். பயிற்சியாளர் வாண்டா, பள்ளி பஸ் ஓட்டுகிற அந்தம்மாதான், ஓடி வந்து பார்த்துவிட்டு, "ஐயோ பெரியவரே, ஆரஞ்சுச் சுளை! எல்லாரும் ஆரஞ்சுச் சுளைதான் கொண்டாருவாங்க. இதுக்குன்னு யாரும் எழுதி வெக்கல, ஏன்னா இதுவரைக்கும் யாரும் மீன் கொண்டாந்ததில்ல" என்றார். சொன்னதோடு நிற்காமல், என் முகம் போன போக்கைப் பார்த்து, தானே ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்று, இன்னொன்றும் எடுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. அந்தப் பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன்.

மீனோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்த வயசுப் பிள்ளைகளின் ஆட்டத்தில் கோல் கணக்கு வைப்பதில்லை என்பது ஊருக்கே தெரிந்த பழக்கம். பெற்றோர் ஒவ்வொருவருக்கும் கணக்கு மனசுக்குள் துல்லியமாகத் தெரியும், ஆனால் வாயைத் திறக்க மாட்டார்கள். "எல்லாரும் நல்லா ஆடினீங்க கண்ணுங்களா!" என்று கை தட்டிவிட்டுக் காருக்குள் போய்த்தான் பேசுவார்கள். எனக்கு இது தெரியாது. என் தாளில் ஆறாவது கட்டம் அதற்கென்றே இருந்தது. எதிர் அணிக் குழந்தையின் அப்பா ஒருவர், விளையாட்டுக்குத்தான், "என்ன பெரியவரே, யார் ஜெயிச்சா?" என்று கேட்க, நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே, "நம் அணி பதினொன்று, உங்கள் அணி பூஜ்யம்" என்று வாசித்தேன். எங்கோ ஒரு பையன், "பதினொண்ணா?" என்று அழ ஆரம்பித்தான். அவனுடைய அம்மா என்னைப் பார்த்த பார்வையைத் தாளில் எழுத எனக்குக் கட்டம் இல்லை. வாண்டாதான் வந்து என் தோளில் கை வைத்து, "விடுங்க, அடுத்த வாரம் மறந்துடுவாங்க. மீனைத்தான் மறக்க மாட்டாங்க" என்று தேற்றினார்.

இனி மூன்றாவது. முந்தாநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் டுலூத் நகரத்தில் உள்ள மூடிய மைதானத்தில் பயண அணித் தேர்வு. நூற்றுப்பத்துப் பிள்ளைகள், நெஞ்சில் எண் குத்தியபடி. நம் ப்ரிட்டா நாற்பத்தேழு, கோல்கீப்பர். பெற்றோர் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், பிள்ளைகளை நோக்கிக் குரல் கொடுக்கக் கூடாது. மாப்பிள்ளை இதைக் காது கொடுத்துக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, இரண்டாவது நிமிஷமே "இடது பக்கம் பாரு செல்லம்!" என்று கத்தி, கார் நிறுத்துமிடத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்தும் கத்தினாராம். தொண்டை விஷயம் இதுதான்.

ஆகவே நான் தனியாக நின்றேன். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி, கையில் அட்டையில் செருகிய தாள், காதில் பென்சில். தேர்வில் பாரபட்சம் இருக்கக் கூடாதென்று வெளியிலிருந்து ஒரு பார்வையாளர் வந்து மதிப்பெண் போடுவார் என்று கிளப்பில் முன்பே சொல்லியிருந்தார்களாம். அவர் நான்தான் என்று நினைப்பார்கள் என எனக்கு எப்படித் தெரியும்? ஒரு அம்மா வந்து, "குளிருதுல்ல சார்" என்று சூடான காபி ஒன்றை நீட்டினார். நல்ல மனசு என்று வாங்கிக் குடித்துவிட்டேன். குடித்து முடித்தபின்தான், "என் பொண்ணு பதினெட்டாம் நம்பர். போன வாரம் கணுக்கால் சுளுக்கு, இல்லன்னா இன்னும் வேகமா ஓடுவா" என்றார். குடித்த காபியைத் திருப்பித் தர முடியாது. நான் யாருமில்லை என்று அப்போது சொன்னால் அவர் மனம் என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் வந்துவிட்டார். அவருடைய மகனுக்கு இரண்டு காலும் ஒரே பலமாம். அவருக்குப் பின்னால் வரிசை. என்னத்தைச் சொல்ல, யார் எது சொன்னாலும் குறித்துக்கொள்கிற கை இது, குறித்துக்கொண்டே இருந்தேன். நான் குறிக்கக் குறிக்க வரிசை நீண்டது. எனக்கு மடக்கு நாற்காலி வந்தது, மடியில் போர்வை வந்தது, ஒருவர் குளிருக்கு இதமாகச் சூப் கொடுத்தார். இருபது வருஷமாக யாரும் என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை, உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முடிவில் தலைமைப் பயிற்சியாளர் ஃபெர்கஸ், ஸ்காட்லாந்திலிருந்து வந்த செம்பட்டைத் தாடிக்காரர், நேராக என்னிடமே வந்து, "கோல்கீப்பர்ல யாரைச் சொல்றீங்க?" என்றார். என் தாளில் இருந்ததை வாசித்தேன்: நாற்பத்தேழாம் எண், பதினைந்து பந்துகள் வந்தன, பதினொன்றைத் தடுத்தாள், முகம் மிகவும் சிவந்திருக்கிறது, களைப்பு. அவர் தலையாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் தொலைபேசி வந்தது. ப்ரிட்டாவுக்கு இடம் கிடைத்துவிட்டது, ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். என் மனசாட்சி பிடித்து உலுக்க ஆரம்பித்தது. நான் வாசித்ததால் கிடைத்த இடமோ என்று. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காலையில் ஃபெர்கஸைக் கூப்பிட்டு எல்லாவற்றையும், சூப் உட்பட, ஒப்புக்கொண்டேன். மனிதர் சிரித்த சிரிப்பில் என் காது அதிர்ந்தது. "தாத்தா, நிஜப் பார்வையாளர் வழி தவறிட்டார், வரவே இல்ல. உங்க பேத்தி பேரைப் பாதி ஆட்டத்துலேயே எழுதிட்டேன். நீங்க அவ தாத்தான்னு தெரிஞ்சுதான் உங்ககிட்ட கேட்டேன், நேர்மையா சொல்றீங்களான்னு பாக்க. களைப்புன்னு வேற குறை சொன்னீங்க!" என்றார். அவருக்கும் நான் கடன்பட்டவன்.

ஆக இடம் உண்மையானது. முடிவு மட்டும் என் கையில். தாளைக் கூட்டிப் பார்த்தேன், ஊருக்கு ஏழு கட்டம், பயணத்துக்கு ஏழு கட்டம். மாப்பிள்ளை கட்டிய தொண்டையோடு, "மாமா, நீங்க எந்தப் பக்கம் நின்னாலும் எனக்குச் சரி. ஆனா ஏதாவது ஒரு பக்கமா நில்லுங்க" என்று கெஞ்சினார். அப்போதுதான், சிக்னே, தாளின் ஓரத்தில் நான் சும்மா கிறுக்கி வைத்திருந்த ஒரு வரி கண்ணில் பட்டது. மேட்டு மைதானத்தில் பந்து மறு முனையில் இருந்தபோதெல்லாம் ப்ரிட்டா கோல் கம்பத்தருகே ஏரியின் பக்கம் திரும்பியே நின்றிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் கப்பல்கள் இரும்புத் தாது ஏற்றுகிற துறைமுகம் முழுக்கத் தெரியும். என் நாட்குறிப்பைப் புரட்டினேன். போன கோடையில் உன் கப்பல் ஐந்து சனிக்கிழமைகள் அங்கே சரக்கேற்ற வந்திருக்கிறது. குழந்தை ஏரியைப் பார்த்துத் தன் அம்மாவுக்காகக் காத்து நிற்கிறாள்! பயண அணியில் சேர்ந்தால் சனிக்கிழமைகளில் இவள் எந்த ஊரிலோ இருப்பாள், உன் கப்பல் வந்து ஊதிவிட்டுப் போகும். எனக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. ஐந்து நாற்பதுக்கு ஃபெர்கஸைக் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையிடம் காரணத்தைச் சொன்னதும் அவர் போய்ப் பாத்திரம் கழுவினார். வாழ்க்கையில் நான் தயங்காமல் எடுத்த முதல் முடிவு இது.

கடைசியாக நன்றி. மீன் தின்ற வாண்டாவுக்கு. சிரித்த ஃபெர்கஸுக்கு. எனக்காகத் தன் ஆசையை விழுங்கிக்கொண்ட மாப்பிள்ளைக்கு. எல்லாருக்கும் மேலாக உனக்கு. எழுபத்தாறு வயசில் ஒருத்தனிடம் பாத்திரம் துலக்கு, நாயைக் கட்டு என்பார்கள், நீ ஒரு குழந்தையின் கோடைக்காலத்தையே கொடுத்தாய். இந்த இரண்டு வாரம் காலையில் எழுந்திருக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது.

காற்று உங்கள் பின்னால் இருக்கட்டும். எஞ்சின் உன் சொல் கேட்கட்டும். கேப்டனுக்கும் சமையல்காரருக்கும் என் வணக்கம்.

உன் அன்பு அப்பா,
ஆன்செல்ம் டோர்விக்

பின்குறிப்பு, திங்கள் காலை: உறையில் போடுமுன் எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லிக் கடிதத்தை ப்ரிட்டாவிடம் கொடுத்தேன். பாலில் போட்ட சோள அவலைத் தின்றுகொண்டே படித்தாள். நான்காவதுக்கு வந்ததும் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"தாத்தா, நான் கப்பலைப் பாக்கல. நீர்ப்பறவை எண்ணிட்டிருந்தேன்."

"ஏன் கண்ணு?"

"பதினொண்ணு பூஜ்யம்னு நீங்கதானே வாசிச்சீங்க. எனக்கு ஒரு பந்துகூட வரல தாத்தா. முழு சீசனும் மூணே பந்து. டுலூத்ல பதினஞ்சு பந்து வந்துச்சு!" அந்தப் பதினைந்தை அவள் சொன்ன விதத்தை நீ கேட்டிருக்க வேண்டும்.

"அப்படின்னா அம்மா கப்பல் வர சனிக்கிழமை?"

"அம்மாவும் கரையிலேயே நிக்கப் பிடிக்காமத்தானே கப்பலுக்குப் போனாங்க. அவங்களுக்குப் புரியும். நீங்க ஏன் என்கிட்ட கேக்கவே இல்ல?"

பதினான்கு கட்டங்களையும் எடுத்து அவள் முன்னாலேயே பார்த்தேன். அவளைக் கேட்பதற்கு ஒரு கட்டம் நான் போடவே இல்லை.

உடனே ஃபெர்கஸைக் கூப்பிட்டேன். "அடுத்த பிள்ளை வீட்டுக்கு நான் இன்னும் சொல்லல தாத்தா. வேண்டாம்னு சொன்னப்ப உங்க குரலைக் கேட்டேனே, காலையில கூப்பிடுவீங்கன்னு தெரியும்" என்றார். மாப்பிள்ளை இப்போது சந்தோஷத்தில் கத்திக்கொண்டிருக்கிறார், ஆனால் தொண்டையில் காற்று மட்டும்தான் வருகிறது. ப்ரிட்டா செவ்வாய்க்கிழமை முதல் பயிற்சிக்குப் போகிறாள்.

எனவே நான்காவது குறிப்பு தவறு. மற்ற நான்கும் சரியென்றே இந்த நிமிஷம் வரை நினைக்கிறேன்.