என் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கெட்டில்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் சொல்ல மனம் வரவில்லை. நீங்கள் அங்கே நலமாகத்தான் இருப்பீர்கள். இருக்காமல் என்ன, உங்கள் வீட்டில் கேமரா இல்லை. இருந்த ஒன்றையும் பிறந்தநாள் பரிசு என்று இங்கே தள்ளிவிட்ட புண்ணியவான் அல்லவா நீங்கள்.

உங்கள் தங்கை யாரிடமும் போய்ப் படம் எடுக்கப் படிக்கவில்லை, தானாகவே கற்றுக்கொண்டாள், அதுதான் வினை. யாரிடமாவது படித்திருந்தால் இந்தக் கூத்தையெல்லாம் கம்ப்யூட்டரிலேயே செய்துவிடலாம் என்று சொல்லியிருப்பார்கள். நானே சொன்னேன். "அது ஏமாத்து வேலைங்க. கனவுல வர்ற மாதிரி படம் வேணும்னா அந்தக் கனவ வீட்டுக்குள்ள நிஜமாவே செஞ்சு வைக்கணும்" என்றாள். செய்தும் வைத்தாள். சாப்பாட்டு மேசை, நாற்காலி, தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் திருகு போட்டும் பசை தடவியும் சுவரில் ஏற்றிவிட்டாள். என்னை அந்த நாற்காலியில் பெல்ட்டால் கட்டிப் பேப்பர் படிக்கச் சொன்னாள். படத்தைத் திருப்பிப் பார்த்தால் நான் சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறேன், கதவுதான் படுத்துக் கிடக்கிறது. அந்த நேரம் பார்த்துக் குழாய் ஒழுகுவதைப் பார்க்க வீட்டு ஓனர் உள்ளே வந்தார். பார்த்தார், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். "சார், நான் நேரா இருக்கேனா, நீங்க நேரா இருக்கீங்களா?" என்றார். சுவரில் தொங்கியபடியே பேப்பரை மடித்துவிட்டு அவருக்கு வணக்கம் வைத்தேன். உங்கள் தங்கையோ, "ரெண்டு பேரும் அசையாதீங்க" என்கிறாள். அன்றிலிருந்து நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறோம்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், மச்சான். ஆனால் எந்தப் படத்திலும் என் முகம் இல்லை. ஒன்றில் தலைக்குப் பதில் பூசணிக்காய், ஒன்றில் பறவைக் கூண்டு, கடைசியாக அடிப்பாகத்தை வெட்டியெடுத்த பெரிய கெட்டில். அது கழுத்துவரை இறங்கி மாட்டிக்கொண்டது. எண்ணெய் தடவி இழுத்தும் வருவேனா என்றது. உள்ளே நான் போட்ட கூச்சல் கெட்டிலின் மூக்கு வழியாக விசிலாக வந்ததாம், சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கலே எடுத்துவிட்டது. அந்தப் படம்தான் கண்காட்சிக்குத் தேர்வானது. அதை அச்சடித்த போஸ்டரை எங்கள் குடிநீர் அலுவலக லிஃப்டில் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் மேலதிகாரி என் பக்கத்தில் நின்றபடி அதை உற்றுப் பார்த்து, "பாவம்யா, இந்தாளுக்கு வீட்டுல கேக்க நாதியில்ல போல" என்றார். படத்தில் இருந்த அதே கட்டம்போட்ட சட்டைதான் அப்போது என் உடம்பில் இருந்தது. அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏண்டி, ஒரே ஒரு படத்துல என் மூஞ்சியக் காட்டுனா குறைஞ்சா போயிடுவ?"

"உங்க மூஞ்சியப் பாத்தா எல்லாமே தெரிஞ்சுபோயிடுது. படத்துல கொஞ்சம் மர்மம் வேணும்ல" என்றாள்.

ஆக, கெட்டிலுக்கு இருக்கிற மர்மம் எனக்கு இல்லை. ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து, அண்ணன் என்ற முறையில் கண்டித்து, என் முகம் தெரிகிற மாதிரி ஒரு படமாவது எடுக்கவைக்க வேண்டும். முடியாது என்றால் கேமராவைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். இரண்டும் நடக்கவில்லையென்றால் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வந்துவிடுவேன்.

உங்கள் வீட்டில் சொந்தத் தலையோடு நடமாடும் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
பெயர் போட்டு மட்டும் என்ன ஆகப்போகிறது,
உங்கள் தங்கை புருஷன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது எதிர்வீட்டுப் பல் டாக்டர் வந்தார். அடுத்த படத்துக்கு அவரை நிற்க வைக்கப் போகிறாளாம், தோள் வாகாக இருக்கிறதாம். இதற்காகத் தலை சீவிக்கொண்டு வேறு வந்திருக்கிறார். மச்சான், நீங்கள் வர வேண்டாம், கண்டிக்கவும் வேண்டாம். உடனே தங்கைக்குப் போன் போட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்கு முகமே வேண்டாம், அந்த ஆளை மட்டும் வீட்டுக்குள் விட வேண்டாம்.