ஆட்டுப்பால் உறிஞ்சிப் பறவை குறித்து ஒரு திருத்தம்

ஃபர்ஸ்லி கிராமம், டோர்செட்
ஜூன் 18, புதன்கிழமை

மதிப்பிற்குரிய வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

ஆட்டின் மடியில் ஒரு பறவை வாய்வைத்துப் பால் குடிப்பதை முதன்முதலில் பார்த்தவர் யார்? எனக்குத் தெரியாது. ஆறு வாரமாக இந்தக் கேள்வியைத் தபால்காரர் முதல் பாதிரியார் வரை எல்லோரும் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் இதே பதிலைத்தான் சொன்னேன். நான் அடக்கத்தால் சொல்வதாக நினைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

உங்கள் இதழை இருபத்திரண்டு வருடமாக வாசித்து வருகிறேன். போன வாரம் மலர்க் கண்காட்சியின் முடிவுகளை ஒரு பிழையும் இல்லாமல் வெளியிட்டதற்கு நன்றி. பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. இன்று நானும் அவர்களில் ஒருத்தி. வயது நாற்பத்தொன்பது, மாவட்ட ஆவணக் காப்பகத்தில் வேலை, பழைய ஆங்கிலத்தில் ஆய்வு செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள். கிராமத்தில் வசிக்கிற ஒருவருக்கு இது சங்கடமான தகுதி. ஊர் மன்றத்தில் என்னை உறுப்பினராகச் சேர்த்ததற்கும், இப்போது நான் இந்தக் கடிதத்தை எழுதுவதற்கும் அதுவே காரணம்.

விஷயம் நைட்ஜார் பறவையைப் பற்றியது. மே மாதம் ஆப்பிரிக்காவிலிருந்து எங்கள் புதர்க்காட்டுக்கு வரும். காய்ந்த இலையின் நிறம். பகலெல்லாம் தரையோடு தரையாகக் கிடந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் இராட்டை சுற்றுவதைப் போல ஒலி எழுப்பும். அதன் பழைய ஆங்கிலப் பெயர் ‘கோட்சக்கர்’, அதாவது ஆட்டுப்பால் உறிஞ்சி. அந்தப் பெயரின் கதை சுருக்கமானது. படித்தவர்களுக்குக் கொஞ்சம் வெட்கக்கேடானதும்கூட. ஆடுகள் நிற்கும் இடத்தில் பூச்சி மொய்க்கும். பூச்சியைப் பிடிக்க இந்தப் பறவை வாயை அகலத் திறந்துகொண்டு ஆட்டின் காலடியில் பறக்கும். மறுநாள் காலையில் ஆடு பால் குறைவாகக் கொடுக்கும். ஆடு பால் குறைப்பதற்கு நாற்பது காரணம் உண்டு என்றாலும், இறக்கை முளைத்த காரணத்தின் மேல் பழி போடுவது சுலபம். கிரேக்கர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு எழுதிவைத்தார். ரோமர் ஒருவர் அதைப் பார்த்து எழுதி, தன் பங்குக்கு, அப்படி உறிஞ்சப்பட்ட ஆட்டுக்கு மடி வற்றிக் கண்ணும் போய்விடும் என்று சேர்த்துக்கொண்டார். நானூறு வருடத்துக்கு முன் நம்மவர்கள் அந்த ரோமர் எழுதிய லத்தீன் பெயரை அப்படியே ஆங்கிலமாக்கினார்கள். இதற்கெல்லாம் ஆன காலம் இரண்டாயிரம் வருடம். இவர்களில் ஒருவராவது ஒரு மாலைப்பொழுது ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

புதர்க்காட்டின் நுழைவாயிலில் வைக்கப்போகும் பலகைக்காக இவ்வளவையும் தொண்ணூறு சொற்களில் எழுதிக் கொடுத்தேன். ஏப்ரல் மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அது ஆறாவது பொருள். எங்கள் மன்றத்தில் தேநீர் போடுவது முறைவைத்து. அந்த முறையை மாற்றச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு என் முறை. ஐந்தாவது பொருள் முடியும்போது தலைவர் லயனல் ஸ்டிரிக்கெட் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன். அங்கே வெந்நீர்க் கொப்பரை சீறத் தொடங்கினால் உலகப் போர் நடந்தாலும் காதில் விழாது. ஒன்பது கோப்பையோடு திரும்பி வந்தபோது ஏழாவது பொருளான நாய்க்கழிவுத் தொட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பலகை என்னவாயிற்று என்று தலைவரின் காதோரம் கேட்டேன். அவர் நாற்பது வருடம் பல் மருத்துவராக இருந்தவர். எதையும் பிடுங்கிய பிறகு ஆறுதல் சொல்லிப் பழகியவர்.

“சின்னச் சின்னத் திருத்தம்தான் டாக்டர் பிட்ஃபீல்ட். உங்களுக்கு வலியே தெரியாது.”

பிடுங்கியது எதை என்று கூட்டக் குறிப்பைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ‘முற்காலத்து மக்கள் தவறாக நம்பினார்கள்’ என்ற வரியை நீக்கியிருந்தார்கள். அந்த மக்கள் எங்கள் தேவாலயத் தோட்டத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மனம் நோகும் என்பது காரணம். ‘உண்மையில் இது பால் குடிப்பதில்லை’ என்பதும் போயிற்று. எதிர்மறை வாக்கியம் பார்க்க வருகிறவர்களைச் சோர்வடையச் செய்யுமாம். விட்டில் பூச்சியை உண்ணும் என்றதையும் எடுத்துவிட்டார்கள். பலகைக்குப் படம் போட்ட ஓவியர் ஆட்டைத்தான் வரைந்திருந்தார், பூச்சியை வரையவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கை தூக்கி வாக்களித்திருந்தார்கள். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: ‘ஆட்டுப்பால் உறிஞ்சி. இப்பறவை ஆட்டின் பாலை உறிஞ்சிக் குடிக்கும். தகவல்: டாக்டர் ரோவெனா பிட்ஃபீல்ட்.’ என் பெயரை வைத்துக்கொள்வது என்று மட்டும் ஒருமனதாக முடிவாகியிருந்தது.

அன்றிரவே தலைவருக்குத் தொலைபேசினேன்.

“நான் அந்தச் சமயத்துல ரூம்லயே இல்லீங்களே” என்றேன்.

“வந்தவங்க பட்டியல்ல உங்க பேரு இருக்கே.”

“கட்டடத்துல இருந்தேன். டீ போட்டுக்கிட்டிருந்தேன்.”

“டீ போட்டதைக் குறிப்புல ஏத்தறது வழக்கமில்லை டாக்டர். ஆட்சேபணைன்னா அப்பவே சொல்லியிருக்கணும். இப்ப குறிப்புல கையெழுத்தும் போட்டாச்சு. ஜூன் கூட்டத்துல எழுப்புங்க, பேசலாம். அன்னிக்கு டீ அருமையா இருந்துச்சு, அதைச் சொல்ல மறந்துட்டேன்.”

ஜூன் கூட்டத்துக்குள் பலகை நட்டு ஆறு வாரமாகிவிடும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊர் தேவாலயத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து, ‘இது உண்மையல்ல’ என்று ஒரு சீட்டில் தட்டச்சு செய்து பலகையின் அடியில் ஒட்டிவிட்டு வந்தேன். வாழ்நாளில் நான் செய்த ஒரே சட்டவிரோதச் செயல் அது. செவ்வாய்க்கிழமைக்குள் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். பலகையை யாரோ விஷமி அசிங்கப்படுத்துகிறான் என்று மன்றத்தின் அறிவிப்பு வந்தது. பலகையைத் தினமும் போய்ப் பார்த்து வரும் பொறுப்பை, அதில் பெயர் உள்ளவர் என்ற முறையில், என்னிடமே கொடுத்தார்கள். ஏற்றுக்கொண்டேன், மறுத்தால் சந்தேகம் வரும்.

இதுவரை சிரிப்பதற்கு உரியது. இனிமேல் வருவது அப்படியல்ல. புதர்க்காட்டை ஒட்டி பெரில் ஸ்டிக்லண்ட் என்பவரின் வீடு இருக்கிறது. அறுபத்து மூன்று வயது, தனியாள், பன்னிரண்டு வெள்ளாடுகள். சொந்த நிலம் ஒரு மேசைவிரிப்பு அளவுதான். ஆடுகள் புதர்க்காட்டில்தான் மேயும். பாட்டன் காலத்திலிருந்தே அந்த வீட்டுக்கு மேய்ச்சல் உரிமை உண்டு. அந்தப் பாலில்தான் பாலாடைக்கட்டி செய்து சனிக்கிழமைச் சந்தையில் விற்கிறார். பலகை வந்த இரண்டாம் வாரமே அவர் வேலியோரம் ஆட்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோர் கையிலும் தொலைநோக்கி. எல்லாத் தொலைநோக்கியும் ஆட்டின் மடியை நோக்கி. காலையில் நான் பலகையைக் காவல் காக்கப் போகிறபோது பெரில் வாளியோடு வேலிக்கு வருவார்.

“ஏம்மா ரோவெனா, நீ படிச்சது எந்தக் காலேஜு?”

சொன்னேன்.

“அங்க ஆடு இருந்துச்சா?”

இல்லை என்றேன்.

“அதான் பார்த்தேன்” என்று சொல்லிவிட்டுக் கறக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் கோபமாக ஒரு சொல்கூடப் பேசவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் என் வாசல்படியில் ஒரு பாலாடைக்கட்டி வைத்துவிட்டுப் போவார், அது நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் இதைவிடக் கடுமையாகத் திட்ட வழி கிடையாது.

மூன்று வாரத்துக்கு முன் புதர்க்காட்டைப் பராமரிக்கும் அறக்கட்டளையின் அலுவலர் டோபி ஃபென்விக் ஒரு படிவத்தோடு வந்தார். நல்ல பிள்ளை, முப்பது வயதிருக்கும், படிவத்தில் கேட்டதைத் தவிர உலகத்தில் வேறெதையும் கவனிக்காதவர். பறவைக் காய்ச்சலுக்குப் பயந்து புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறார்களாம்: காட்டுப் பறவைக்கும் வளர்ப்பு விலங்குக்கும் உடல் தொடர்பு உண்டா? பெரில் இல்லை என்று சொல்லியிருக்கிறார். டோபி பலகையைக் காட்டியிருக்கிறார். அதைவிட நெருக்கமான உடல் தொடர்பை அவரால் கற்பனை செய்ய முடியவில்லை. ‘உண்டு’ என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டார். ஜூலை ஒன்றாம் தேதிக்குள் ஆடுகள் புதர்க்காட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று கடிதம் வந்தது. விஷயம் தெரிந்ததும் அவருடைய அலுவலகத்துக்கே போனேன்.

“அந்தப் பறவையோட அலகு என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதுப்பா. அதால உறிஞ்சவே முடியாது.”

“அதுக்கு எழுத்துல ஏதாவது ஆதாரம் இருக்கா மேடம்?”

“நான்தான் ஆதாரம். பலகையில இருக்கிற டாக்டர் பிட்ஃபீல்ட் நான்தான்.”

“அப்ப நீங்க உறிஞ்சுதுன்னுல்ல சொல்லியிருக்கீங்க?”

“நான் சொல்லலை. மன்றம் சொல்லுச்சு.”

“மன்றத்துக்கு யார் சொன்னது மேடம்?”

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஆடுகளைப் புதர்க்காட்டிலிருந்து ஓட்டிவிட்டால் பெரில் பன்னிரண்டையும் விற்க வேண்டியதுதான். நாளை வியாழக்கிழமை மன்றம் கூடுகிறது. டோபியும் வருகிறார்; மன்றத்தின் கருத்தைக் கேட்டுக்கொண்டு இறுதி முடிவில் கையெழுத்திடுவார். நான் இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் எங்கள் மன்றம் இரண்டு பக்கத்தை இரண்டு வரியாக்கும் திறமையுள்ளது. அதனால்தான் உங்களிடம் வருகிறேன். இந்தப் பறவை எந்த ஆட்டையும் தொட்டதில்லை, எந்தக் காலத்திலும் ஒரு சொட்டுப் பாலும் குடித்ததில்லை, நான் அப்படிச் சொன்னதும் இல்லை என்று அடுத்த இதழில், சுருக்காமல், வெளியிட வேண்டுகிறேன். ஒரு பெண்ணின் பிழைப்பும் இன்னொருத்தியின் பெயரும் இதில் இருக்கின்றன. பெயர் அவ்வளவு முக்கியமில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் முப்பது வருடமாக நான் சம்பாதித்தது அது ஒன்றுதான்.

உங்களுக்கும், அச்சகத்தாருக்கும், எல்லோரையும்விட அங்கே பிழை திருத்துகிறவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள். மழை ஒருவாரம் பொறுத்து, உங்கள் பக்கத்து வைக்கோல் நனையாமல் வீடு சேரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரோவெனா பிட்ஃபீல்ட்

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை காலை): மேலே உள்ளதை அச்சிட வேண்டாம். கிழித்துப்போடவும் வேண்டாம். தேதியைக் குறித்து எங்காவது ஒரு கோப்பில் வைத்துவிடுங்கள். நான் ஆவணக் காப்பகக்காரி, எங்காவது ஓரிடத்தில் சரியான செய்தி இருக்கிறது என்று தெரிந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். நேற்று நடந்தது இது.

பெரில் முதல்முறையாக மன்றக் கூட்டத்துக்கு வந்து, சந்தைக்குப் போடும் கோட்டோடு, பொதுமக்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டோபி படிவத்தை வாசித்தார். தலைவர் மிகவும் வருந்தத்தக்கது என்றார். நான் இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்து, “பலகையில இருக்கிறதைப் பத்தி” என்று ஆரம்பித்தேன். டோபி கையை உயர்த்தினார்.

“ஒரு நிமிஷம் மேடம். பின்பக்கத்துல இன்னொரு விதி இருக்கு, இப்பத்தான் கண்ணுல பட்டுச்சு. பாதுகாக்கப்பட்ட பறவையோட உணவை யாரும் அப்புறப்படுத்தக் கூடாது. இந்தப் பறவை ஆட்டுப்பால் குடிக்குதுன்னா, ஆடு அதோட உணவு ஆயிடுது. இந்த விதி முன்பக்க விதியைவிட மேல. அப்ப ஆட்டை நான் வெளியேத்தவே முடியாது. எண்ணிக்கையைக் குறைக்கக்கூட முடியாது.”

டோபி பேனாவைத் திறந்தார்.

“ஆனா நிபுணர் ஒருத்தர் உறுதிப்படுத்தணும். குடிக்குதா இல்லையா மேடம்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரில் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கையிலிருந்த இரண்டு பக்கத்தையும் நான்காக மடித்தேன்.

“பலகையில அப்படித்தான் போட்டிருக்கு” என்றேன்.

“அது போதும். ஒரு ராத்திரிக்கு எவ்வளவு குடிக்கும்? இந்தக் கட்டத்துல அளவு எழுதணும்.”

“அரைக் கரண்டி.”

அதை அவர் எழுதிக்கொண்டார், மன்றமும் குறிப்பில் ஏற்றியது, தீர்மானம் நிறைவேறியது. வெளியே வந்தபோது பெரில் கதவோரம் எனக்காகக் காத்திருந்தார்.

“அரைக் கரண்டின்னு எதை வச்சுச் சொன்னே?”

“தெரியலை பெரில். வாயில வந்துச்சு.”

அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“சரியாத்தான் இருக்கும்” என்றார். “ரெண்டு நாளா பால் ஒரு பொட்டு குறையுது.”

அவர் சிரிக்கவில்லை.

ரோ. பி.